வாசல் ஆணியில் தொங்கும் இறக்கைத் துணி

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் ஊருக்குக் கடிதம் போடவும், பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்சில் கையெழுத்துப் போடவும்தான். துணியில் சாக்கட்டியால் கோடு போடச் சொன்னால் அளவுகோல் இல்லாமல் நேராகப் போடுவேன். கோடு போட்ட நோட்டில் எழுதச் சொன்னால் எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது. எந்த ‘ர’ எங்கே வரும் என்பது எனக்கு இன்றுவரை குழப்பம். பிழைகளைத் திருத்தித் தருவதாக நம் ஆபீஸ் கிளார்க் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால் அது என்னுடையது, அவருடையது அல்ல.

இந்த மாதக் கடைசியில் விசாவை முடித்துக்கொண்டு ஊருக்குப் போகிறேன். வயது ஒன்றும் அதிகமில்லை. கண்தான் சரியில்லை. ஊசியில் நூல் கோக்கப் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. புதிதாக வந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் வந்த நாளிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்: “அண்ணே, வாசப்பக்கம் ஆணியில தொங்குதே, அது என்ன துணி?”

ஒவ்வொரு தடவையும் “பொறவு சொல்லுதேன்” என்று நழுவிவிடுவேன். மூன்று பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பேச்சு வராது. இது எனக்குப் பழைய வியாதி. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

அந்த ஆணியில் இப்போது நான்கு துண்டுகள் தொங்குகின்றன. மேலே இருக்கும் பச்சைத் தார்ப்பாய்த் துண்டு நம் ஃபோர்மேன் ஜமால் காக்காவுடையது. லாரிக்கு ஓர் அடி குறைத்து வெட்டிவிட்டார். அடியில், எல்லாவற்றுக்கும் முதலாவதாக மாட்டியது என்னுடையது. உள்ளங்கை அகலம், வெள்ளி நிறப் பூச்சு, நடுவில் வட்டமாக ஓர் ஒட்டு. அதில் பென்சிலால் ‘துளையை அடைத்தேன். அருளப்பன்’ என்று எழுதியிருக்கிறது. எழுதியது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதியை இந்த நோட்டில் எழுதுகிறேன்.

அது இரண்டாயிரத்து நாலாம் வருஷக் கடைசி. நான் இந்தக் கடைக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. இதே சார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாதான், இதே ஷெட்தான். லாரித் தார்ப்பாய், படகுக்கு மேற்கூரை, சோபா, சீட் கவர் என்று தைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் காலையில் ஜமால் காக்கா என் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார். அவர் காயல்பட்டினம், அங்கே அண்ணனைக் ‘காக்கா’ என்பார்கள். நான் அதற்குப் பக்கத்துக் கடற்கரை. இரண்டு ஊருக்கும் நடுவில் சைக்கிள் தூரம்தான்.

“அருளு, ஏரோப்ளேன் தைப்பீராவே?”

“ஏரோப்ளேன் சீட்டா காக்கா?”

“சீட்டு இல்லவே. ஏரோப்ளேனையே.”

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். வேனில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார். பழைய விமானத்திடல் இருந்த பக்கத்தில் ஒரு தகர ஷெட். உள்ளே கட்டைகளின் மேல் இரண்டு நீளமான இறக்கைகள் கிடந்தன. இங்கிலாந்தில் விமானம் செய்யத் தொடங்கிய ஆரம்ப காலத்துக் கம்பெனிகளில் ஒன்று செய்த விமானம். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு இறக்கை. இங்கே மணலில் விமானம் இறங்கிய காலத்தில் வந்து, கழற்றி வைக்கப்பட்டு, யாருடைய சரக்குக் கிட்டங்கியிலோ கிடந்திருக்கிறது. அதைச் சரிசெய்து ஓர் அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார்கள். மேல் இறக்கைகளை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கீழ் இறக்கை இரண்டும் நம் பொறுப்பு.

கிட்டே போய்ப் பார்த்தேன். விமானம் என்றால் தகரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இது முழுக்க மரமும் துணியும். உள்ளே படகுக்கு இருப்பதுபோல மர விலாக்கள். அவற்றின் மேல் லினன் துணியைப் போர்த்தி, ஒவ்வொரு விலாவோடும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். என் கைக்குத் தெரிந்த வேலை.

அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இருந்தார். எழுபது வயதுக்கு மேல். அந்த விமானம் செய்த அதே தொழிற்சாலையில் பதினாலு வயதில் வேலைக்குச் சேர்ந்து, அதை மூடும்வரை வேலை பார்த்தவர். யோசனை சொல்வதற்காக அழைத்து வந்திருந்தார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர் சொல்வதை ஜமால் காக்காதான் தமிழில் சொல்வார். பெரியவர் ஐந்து நிமிஷம் பேசுவார். காக்கா, “கவனமா தைக்கணுமாம்வே” என்பார்.

“அம்புட்டு நேரம் பேசுனது இதுதானா காக்கா?”

“மிச்சமெல்லாம் இங்கிலீஷுவே.”

ஆனால் சில விஷயங்களைக் காக்கா முழுதாகச் சொன்னார், ஏனென்றால் அவருக்கே ஆச்சரியம். அந்தத் தொழிற்சாலை தொடங்கியபோது விமான வேலை தெரிந்த ஆள் என்று உலகத்திலேயே கிடையாதாம். அதனால் துறைமுகத்தில் கப்பல் பாய் தைக்கிறவர்கள், படகு செய்யும் ஆசாரிகள், நாற்காலி மேசை செய்கிறவர்கள் என்று கூட்டி வந்து வைத்துக்கொண்டார்களாம். பிறகு துணி வேலைக்கு வரிசை வரிசையாகப் பெண்களைச் சேர்த்தார்களாம். துணியை முரசுத் தோல் மாதிரி இறுக்குவதற்கு மேலே ஒரு வார்னிஷ் பூசுவார்கள். அதற்கு டோப் என்று பெயர். அந்த வாசனை தலையைச் சுற்றவைக்கும். அதனால் பூசுகிற பெண்களுக்குத் தினமும் பால் கொடுப்பார்களாம். பெரியவர் அந்தப் பழக்கத்தை இங்கேயும் விடவில்லை. டோப் பூசுகிற நாளில் ஆளுக்கொரு லபன், அதாவது மோர், டப்பா வாங்கி வைத்துவிடுவார். குடித்து முடிக்கும்வரை எதிரில் நிற்பார்.

என் முதல் வேலை பழைய தையலைப் பிரிப்பது. இறக்கையின் மேல்துணி நைந்து போயிருந்தது, அதை மாற்ற வேண்டும். கீழ்த்துணி இன்னும் உரமாக இருந்தது. “அதை அப்படியே வச்சுக்கிடணுமாம். பழசு எவ்வளவு மிஞ்சுதோ அவ்வளவும் மிஞ்சணுமாம்” என்றார் காக்கா.

சின்னக் கத்தரியை வைத்துக்கொண்டு முடிச்சு முடிச்சாகப் பிரித்தேன். இரண்டு வாரம் ஆயிற்று. எனக்கு விமானத் தையல் கற்றுக்கொடுத்தது அந்தப் பழைய நூல்தான். ஒரு விலாவுக்கு எத்தனை முடிச்சு, எங்கே இரட்டைச் சுற்று, எங்கே நூலைத் தளர்த்தி விட்டிருக்கிறார்கள், எல்லாவற்றையும் பிரிக்கும்போதே படித்துக்கொண்டேன். ஒரு பக்கத்து முடிச்சுகள் எல்லாம் இடது கைக்காரர் போட்டவை. முடிச்சு சாய்ந்திருக்கும் பக்கத்தைப் பார்த்தால் தெரியும். தைத்தவர் பெயர் எங்கும் எழுதவில்லை. “பொம்பளையாத்தான் இருக்குமாம்” என்று மட்டும் காக்கா கேட்டுச் சொன்னார். கடைசி விலா வரைக்கும் ஓர் இடத்தில்கூட அந்த அம்மா ஏமாற்றவில்லை. யாரும் பார்க்காத உள் முடிச்சும் வெளி முடிச்சு மாதிரியே இருந்தது. மனதுக்குள் அவரை என் மேஸ்திரியாக வைத்துக்கொண்டேன்.

கீழ்த்துணியில் ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. பின் ஓரத்தில், ஒவ்வொரு இரண்டு விலாவுக்கும் நடுவில், கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு சின்னத் துளை. துளையைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று ஒட்டியிருந்தது. இரண்டு இறக்கையிலும் சேர்த்து இருபத்திரண்டு. பிற்காலத்தில் யாரோ மேலுறை மாட்டுவதற்காகப் பொத்தான் வைத்துப் பிய்ந்து போன இடம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்பதற்குக் காக்காவைக் கூப்பிட வேண்டும், காக்கா பெரியவரைக் கூப்பிட வேண்டும், எல்லோரும் வந்து என்னைச் சுற்றி நிற்பார்கள். ஒரு பொத்தான் ஓட்டைக்கு இவ்வளவு கூட்டமா என்று விட்டுவிட்டேன்.

பெரியவர் வால் பகுதியில் தையலையும் பூச்சையும் ஒரு வாரம் செய்து காட்டினார். டோப் பூச ஒரு கண்டிப்பான சட்டம் சொன்னார். காற்றில் ஈரம் இருக்கும் நேரத்தில் பூசவே கூடாது. பூசினால் வெள்ளை பூத்துவிடும். வெயில் ஏறி, தரை காய்ந்த பிறகுதான் பூச வேண்டும். பிறகு கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனார். போகும்போது, “பழைய துணி எப்படி இருந்துச்சோ அப்படியே செய்யணுமாம்” என்று காக்கா என்னிடம் சொன்னார். அப்படியே செய்ததாகத்தான் நான் நினைத்தேன்.

பூச்சு வேலைக்கு நூர் பாய் வந்தார். பெஷாவர் பக்கத்துப் பட்டாணியர், கார் பெயின்டர். மருதாணி பூசிய தாடி, கதவை மறைக்கும் உடம்பு. அவர் பேசியது உருது. எனக்குப் புரிந்த விதத்தில் தமிழில் எழுதுகிறேன். பூச்சு தொடங்குவதற்கு முன் அவருக்கு வேலை இல்லாததால், தையலில் எனக்கு மறுகையாக நின்றார். அந்தத் தையலுக்கு இரண்டு பேர் வேண்டும். இறக்கையை நிமிர்த்தி நிறுத்திவிட்டு, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஒரு முழ நீள ஊசியை நான் இங்கிருந்து குத்தி அனுப்புவேன். அவர் அங்கே வாங்கி, விலாவுக்கு அந்தப்புறமாகத் திருப்பி அனுப்புவார். நான் முடிச்சுப் போடுவேன்.

நடுவில் இறக்கை இருப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனாலோ என்னவோ, என் வாழ்க்கையில் நான் அதிகமாகப் பேசியது அந்த மூன்று வாரம்தான்.

“மாஸ்டர், நீ நேர்ல ஊமை. இறக்கைக்குப் பின்னாடி ரேடியோ.”

“நீங்க மட்டும் என்னவாம்? நேர்ல புலி. ஊசி குத்துனா ‘அம்மா’ங்கிறீங்க.”

“ஊசியைச் சொல்லிட்டு அனுப்பு மாஸ்டர். பட்டாணி ரத்தம் பட்டா உன் துணி சிவப்பாயிடும்.”

அவர் ஊருக்குப் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அடுத்த வருஷம் லீவில் போவதாகச் சொன்னார். திரும்பி வந்து இன்னும் நாலு வருஷம் வேலை பார்த்தால் வீட்டுக்கு மேல்கூரை போட்டுவிடலாம் என்று, தன் வீட்டை அறை அறையாக எனக்குச் சொன்னார். அந்த வீட்டில் எந்த ஜன்னல் எந்தப் பக்கம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

தையல் முடிந்தது. பூச்சுக்கு முன்னால் கீழ்த்துணியைச் சுத்தம் செய்தேன். அந்த இருபத்திரண்டு துளையும் கண்ணை உறுத்தின. படகில் வளர்ந்தவன் நான், தார்ப்பாயில் பிழைத்தவன். ஓட்டை என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அதன் வழியாகத் தண்ணீர் வரும், அதை அடைக்க வேண்டும். வளையங்களைப் பிளேடால் பதமாகப் பெயர்த்து எடுத்தேன். அழகாக இருந்ததால் தூக்கிப்போட மனமில்லை, பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். துளை ஒவ்வொன்றிலும் வட்டமாக ஓர் ஒட்டு வைத்து அடைத்தேன். கையால் தடவினால் மேடு தெரியாது, அவ்வளவு நேர்த்தி. அந்த அம்மா விட்ட குறையை நான் தீர்த்து வைத்ததாக உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

நூர் பாய் வெயிலுக்காகக் காத்திருந்து பூசினார். காலையில் வந்து தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். “அபி நஹி, மாஸ்டர்,” இன்னும் காயவில்லை என்று உட்கார்ந்துவிடுவார். சில நாள் பதினொரு மணி வரை உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்திலேயே இருந்தேன். இறக்கைகள் வெள்ளிபோல் மின்னின. விமானத்தில் எப்படி இருக்குமோ அப்படியே, பின் ஓரம் கொஞ்சம் தாழ்ந்த மாதிரி, கட்டைகளின் மேல் படுக்க வைத்தோம்.

ஜனவரியில் இரண்டு நாள் மழை. இந்த ஊர் மழை உங்களுக்குத் தெரியும். வந்தால் போக வழி இல்லாமல் ரோட்டிலேயே நிற்கும். ரோலாவில் எங்கள் ரூம் வாசலில் முழங்கால் தண்ணீர். வேலைக்குப் போக முடியவில்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், ஷெட் கூரையில் ஒரு தகரம் விலகி, இடது இறக்கையின் மேல் ஒழுகியிருந்தது. துடைத்துவிட்டோம். பூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான்கு நாள் கழித்து அதே இடது இறக்கையில் அடிப்பக்கம், பின் ஓரமாக, வெள்ளை பூக்கத் தொடங்கியது. மறுநாள் கொப்புளம். வலது இறக்கை கண்ணாடி மாதிரி இருந்தது.

ஜமால் காக்கா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகம் சரியில்லை. ஒப்படைக்க ஒரு வாரம்தான் இருந்தது. அன்றைக்குத்தான் பெரியவர் ஊரிலிருந்து திரும்பியிருந்தார். மறுநாள் நம் கடை மேனேஜருடன் பார்க்க வருகிறார்.

“நூர் பாய், ஈரத்துல அடிச்சிருக்கீங்க. படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?”

“அல்லா மேல ஆணை. வெயில் பாத்துத்தான் அடிச்சேன்.”

“அப்போ அந்த இறக்கை நல்லாருக்கு, இது மட்டும் எப்படிப் பூக்கும்? இதை அவசரப்பட்டு முடிச்சிருக்கீங்க.”

“சுவத்துக்கிட்டகூட நான் பொய் சொன்னதில்ல, ஜமால் பாய்.”

காக்கா கெட்டவர் அல்ல. பயந்துபோயிருந்தார். மேனேஜருக்குப் போன் செய்தார். திரும்பி வந்து என்னிடம் தமிழில் சொன்னார்: “நூர் பாய் விசாவைக் கேன்சல் அடிச்சு அனுப்பச் சொல்லிட்டான்வே. ஆறு மாசம் திரும்பி வர முடியாம பேன் வேற. நாளைக்கு வந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுருவான். நான் என்ன செய்ய?” நூர் பாய் சரியாகத்தான் பூசினார் என்று எனக்குத் தெரியும். ஆனால் வெள்ளை பூத்திருப்பதையும் என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, வருகிறவர்கள் பார்க்க வசதியாக அந்த இறக்கையை வெளிச்சமான பக்கத்துக்கு மாற்றினோம். நாலு பேர் தூக்கினோம். நான் நுனியைப் பிடித்திருந்தேன். எதிர்முனையைக் கொஞ்சம் உயர்த்தியபோது, என் காதுக்குப் பக்கத்தில், இறக்கைக்கு உள்ளே, ஒரு சத்தம் விலா விலாவாக நகர்ந்து என்னை நோக்கி வந்து நின்றது.

மற்ற மூன்று பேருக்கும் அது கேட்கவில்லை, அல்லது கேட்டும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். படகின் அடியில் தேங்கிய தண்ணீர் புரளும் சத்தம் அது. பேச்சு வருவதற்கு முன்பே நான் கேட்ட சத்தம்.

இறக்கையைக் கீழே வைப்பதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது. மேல்பக்கத்தில் கம்பி போகும் வாய் ஒன்று உண்டு. ஒழுகிய மழை அதன் வழியாக உள்ளே போயிருக்கிறது. போன தண்ணீர் பின் ஓரத்துக்கு வடிந்து, வெளியே போக வழி தேடியிருக்கிறது. அந்த வழியை அந்த அம்மா இருபத்திரண்டு இடத்தில் வைத்திருந்தார். நான் இருபத்திரண்டையும் அடைத்துவிட்டேன். தண்ணீர் உள்ளேயிருந்து துணியை ஊறவைத்துப் பூச்சைக் கிளப்பியிருக்கிறது. நூர் பாய் மேல் ஒரு சொட்டுக் குற்றமும் இல்லை.

தம்பிமார்களே, இதுவரை எழுதியது அந்தத் துணியில் இருக்கும் பாதி. இனி எழுதுவது அதில் இல்லாதது.

நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்பது மணிக்குத் தெரிந்தது. அவர்கள் வந்தது பதினொரு மணிக்கு. இரண்டு மணி நேரம் நான் ஒரு மூலையில் உட்கார்ந்து, மடிக்கத் தேவையில்லாத துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். இறக்கை தானாக ஒரு மாதத்தில் காய்ந்துவிடும் என்று நினைத்தேன். யாரும் அதைத் திறந்து பார்க்கப் போவதில்லை என்று நினைத்தேன். கேன்சல் என்றால் எனக்கும் கேன்சல்தான், வீட்டில் என்ன சொல்வது என்று நினைத்தேன். எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே, எப்படி விளக்குவது என்றுகூட நினைத்தேன். மனுஷன் பேசாமல் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. கூச்சம் என்று எல்லோரும் என்னைப் பற்றி இரக்கமாகச் சொல்வார்கள். அன்றைக்கு அந்தக் கூச்சத்துக்குப் பின்னால் நான் வசதியாக ஒளிந்துகொண்டேன்.

நூர் பாய் ஸ்பிரே கன்னைக் கழற்றித் துடைத்து ஒரு பழைய சட்டையில் சுற்றினார். ரப்பர் டியூபைச் சுருட்டிக் கட்டினார். பெரியவர் ஊருக்குப் போன பிறகும் காக்கா வாங்கி வைத்துக்கொண்டிருந்த லபனில் தன் டப்பாவை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார்.

“இதையும் நீ குடி மாஸ்டர். எனக்கு இன்னைக்குப் பூச்சு வேலை இல்ல.”

வாங்கிக்கொண்டேன். குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

பதினொரு மணிக்குப் பெரியவரும் மேனேஜரும் வந்தார்கள். காக்கா இங்கிலீஷில் விளக்கினார். பெரியவர் குனிந்து கொப்புளங்களைப் பார்த்தார். மேனேஜர் ஒரு நிமிஷம்தான் பார்த்தார். “கலாஸ்” என்றார். எல்லாம் முடிந்தது என்கிற அந்த அரபிச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

நூர் பாய் கெஞ்சவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்: “தினமும் வெயிலுக்குக் காத்திருந்தேன். மாஸ்டர் கூட இருந்தார். மாஸ்டரைக் கேளுங்க.”

நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாழ்நாள் முழுக்கப் பயந்துகொண்டிருந்த நேரம் அதுதான். லபன் டப்பாவைக் கீழே வைத்தேன். மேசையில் கிடந்த குத்தூசியை எடுத்துக்கொண்டு இறக்கையின் பின் ஓரத்துக்குப் போனேன்.

“காக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

“ஏன்வே? என்ன செய்யப்...”

கடைசி ஒட்டின் நடுவில் குத்தினேன். ஊசியை உருவியதும் தண்ணீர் வந்தது. முதலில் சொட்டு, பிறகு நூல் மாதிரி ஓடியது. காக்கா தள்ளி நிற்காததால் அவர் ஷூவில் விழுந்தது. பழுப்புத் தண்ணீர், மர வாசனையோடு. சிமென்ட் தரையில் ஓடி மேனேஜரின் காலடி வரைக்கும் போயிற்று.

பெரியவர்தான் முதலில் கேட்டார். காக்கா அதைத் தமிழில் கேட்டார்: “இதை அடைச்சது யாரு?”

“நான்.”

“ஏன்வே அடைச்சீரு?”

“ஓட்டைன்னு நெனச்சேன் காக்கா. எங்க தொழில்ல ஓட்டைய விட மாட்டோம்லா. நூர் பாய் மேல ஒண்ணும் இல்ல.”

நான் ஓடிப்போய்ப் பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்து பெரியவர் கையில் கொடுத்தேன். அவர் வளையங்களை உள்ளங்கையில் கொட்டி எண்ணினார். இருபத்திரண்டும் இருந்தன. திட்டுவார் என்று நின்றேன். அவர் ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். அன்றைக்குத்தான் காக்கா ஒரு வார்த்தையும் விடாமல் மொழிபெயர்த்தார்.

அவர்களுடைய தொழிற்சாலையில் முதன்முதலாகச் சேர்த்த பாய் தைக்கிறவர்களும் இதே தவற்றைச் செய்தார்களாம். துறைமுகத்து ஆட்கள். அவர்களுக்கும் ஓட்டை என்றால் அடைக்க வேண்டியதுதான். அதற்குப் பிறகுதான் துளையைச் சுற்றி வளையம் ஒட்டும் வழக்கம் அங்கே வந்தது என்று அவருக்கு மூத்தவர்கள் சொல்வார்களாம். துளையின் ஓரம் கிழியாமல் இருக்கவும்தான் வளையம். அதோடு, பின்னால் வருகிறவனுக்கு ஒரு சேதியும் கூட: இது தெரியாமல் ஆனது அல்ல, தெரிந்தே வைத்தது.

“அந்த அம்மா உமக்குச் சொல்லித்தான்வே வச்சிருக்கு,” என்றார் காக்கா. இது அவருடைய சொந்தச் சரக்கு.

மேனேஜர் என்னைக் காட்டிப் பெரியவரிடம் ஏதோ கேட்டார். பெரியவர் இறக்கையைக் காட்டி ஏதோ சொன்னார். மேனேஜர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். “உம்மை அனுப்பிட்டா இதைத் தைக்க யாரு இருக்கான்னு பெரியவரு கேட்டாரு,” என்றார் காக்கா. “தப்பிச்சீரு. நூர் பாயும் தப்பிச்சாரு. என் ஷூவுக்கு மட்டும் யாரு பதில் சொல்ல?”

ஊறிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் துணி கெட்டுப்போயிருந்தது. அதை நானே வெட்டி எடுக்க வேண்டும் என்றார் பெரியவர். அவர்கள் தொழிற்சாலையில் யார் வேலையைக் கெடுத்தாலும், கெட்ட துண்டைக் கெடுத்தவனே வெட்டி, என்ன செய்தேன் என்று தன் கையால் எழுதி, வாசல் பக்கத்து ஆணியில் மாட்ட வேண்டுமாம். அங்கே அவருடைய துண்டும் தொங்கியதாம். அப்படித்தான் அந்தத் துணி நம் கடைக்கு வந்தது. அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள். ஒட்டு நான் போட்டது. ஒட்டைச் சுற்றி இருக்கும் துணி அந்த அம்மா தைத்தது. இத்தனை வருஷம் கெடாமல் இருந்ததில் அந்த அளவை நான் கெடுத்தேன்.

எல்லோரும் போன பிறகு நூர் பாய் என் எதிரில் வந்து நின்றார்.

“எப்போ தெரிஞ்சுது மாஸ்டர்?”

“காலைல. தூக்கும்போது.”

“நான் லபன் குடுத்தப்போ தெரியுமா?”

“தெரியும்.”

அவர் தலையை ஒரு தடவை ஆட்டினார். வெளியே போய்ப் பெயின்ட் டிரம்மின் மேல் உட்கார்ந்துகொண்டார். கத்தியிருந்தால் தேவலை.

கெட்ட துணிக்குப் பதில் புதுத்துண்டு வைத்து, அதற்கு இரண்டு பக்கமும் உள்ள விலாக்களின் தையலைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டியிருந்தது. மறுநாள் இறக்கையை நிமிர்த்தி வைத்துவிட்டு நான் இந்தப் பக்கம் நின்றேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை. கூப்பிட எனக்கு வாய் இல்லை, கூப்பிட உரிமையும் இல்லை. ஊசியைக் குத்தி அனுப்பிவிட்டு, இறக்கையைச் சுற்றி நடந்து போய், அந்தப் பக்கத்திலிருந்து இழுத்துத் திருப்பிக் குத்திவிட்டு, மறுபடி சுற்றி வந்து முடிச்சுப் போட்டேன். ஒரு தையலுக்கு ஒரு சுற்று. முதல் நாள் ஒரு விலா முடிந்தது. இரண்டாம் நாளும் அப்படித்தான். டிரம்மில் உட்கார்ந்திருந்தவர் நான் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது விலாவில் பாதிக்கு மேல் வந்திருப்பேன். ஊசியைக் குத்தி அனுப்பிவிட்டுச் சுற்றிப் போகத் திரும்பினேன். நூல் என் விரலில் அசைந்தது. நின்றேன். ஊசி விலாவுக்கு அந்தப்புறமாக, சரியான இடத்தில், முனையை நீட்டிக்கொண்டு என் பக்கம் வந்தது.

“சொல்லிட்டு அனுப்பு மாஸ்டர்,” என்றது இறக்கைக்குப் பின்னால் இருந்து ஒரு குரல். “எதையும் சொல்லிட்டு அனுப்பு.”

சரி என்றேன். ஊசியை வாங்கி முடிச்சுப் போட்டேன்.

சார்ஜா, ரோலா ரூமில் இருந்து எழுதி முடித்தது.
18-12-2009, வெள்ளிக்கிழமை.